வாயை மட்டும் அசைத்தால் போதும்

எங்கள் சபையில் பாடுவதற்கென்று ஒரு துறை இருக்கிறது. அது வருவதற்கு முன்பு நாங்களே பாடிக்கொண்டிருந்தோம்.

துறையின் முழுப் பெயர் ஆராதனை அனுபவத் துறை. அதற்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், புகைக்கு ஒருவர், வெளிச்சத்துக்கு ஒருவர், திரையில் பாட்டு வரிகளை ஏற்றி இறக்க ஒரு சிஸ்டர், அழுகைக்கு ஒருவர். கடைசியில் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் அடங்கி, கீபோர்டு மட்டும் மெல்ல இழையும்போது சபையார் தாமாகவே கண்ணீர் விட வேண்டும் என்பது ஏற்பாடு. தாமாகவே விடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? கண்ணீர் வராத ஞாயிறுகளில் அவர் கீபோர்டுக்காரருக்குக் கை காட்டுவார். அதே இசை இன்னொரு சுற்று வரும்.

டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு கண்ணாடி அறைக்குள் இருப்பார். சத்தம் வெளியே வரக் கூடாது என்று கண்ணாடி, வெளியே கேட்க வேண்டும் என்று உள்ளே மைக். இதைப் பற்றி ஒருமுறை விசாரித்தேன். அது சவுண்ட் விஷயம், உங்களுக்குப் புரியாது என்றார்கள். வாஸ்தவம், இன்று வரை புரியவில்லை.

இந்தத் துறையிடம்தான் லிஃப்ட்காரர் ஒரு பாட்டுக் கேட்டுப் போனார்.

லிஃப்ட்காரர் என் மேல் வீட்டில் குடியிருப்பவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகிற கம்பெனியில் மெக்கானிக். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அக்காவின் தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் பாட்டும் ஓடும். மெஷின் நின்ற பிறகும் பாட்டு நிற்காது. எனக்கு அந்த வீட்டுத் தரைக்கு அடியில் உட்கார்ந்தே பாதிப் பாட்டுப் புத்தகம் மனப்பாடம்.

அதில் ஒரு பாட்டை மட்டும் அவர் வேறு மாதிரி பாடுவார். அது அடக்க ஆராதனைப் பாட்டு. ஆனால் அக்கா வளர்ந்த சின்னச் சபையில் ஆர்மோனியக்காரருக்குத் தெரிந்ததே நான்கு ராகங்கள்தானாம். பழைய பாட்டுகள் எல்லாம் அளவெடுத்து வெட்டியவை அல்லவா, ஒன்றின் வரிகள் இன்னொன்றின் ராகத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அப்படி அந்தச் சாவுப் பாட்டு ஒரு கல்யாணப் பாட்டின் ராகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சபையில் இறந்தவர்கள் எல்லாரும் கல்யாண ராகத்தில்தான் புதைக்கப்பட்டார்கள். யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. திருமணமாகி இங்கே வந்த பிறகுதான் ஊர் உலகமெல்லாம் அதை வேறு ராகத்தில் பாடுகிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது. "இங்க இருக்கிறவங்களுக்குச் சரியாப் பாட வரல" என்று சொல்லிவிட்டு அவர் தன் வழியிலேயே பாடினார்.

லிஃப்ட்காரருக்குப் பாட்டு சுத்தமாக வராது. கல்யாணமான புதிதில் ஆலயத்தில் அவர் முழுக் குரலெடுத்துப் பாடப் போக, அக்கா அவர் தொடையில் கிள்ளி இருக்கிறார். "என்னங்க, நீங்க பாட வேணாம். வாயை மட்டும் அசைச்சாப் போதும். ஆண்டவர் புரிஞ்சுக்குவார், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்கதான் பாவம்."

அன்றிலிருந்து அவர் வாயை மட்டும்தான் அசைத்தார். வரிகள்கூட அவருக்கு முழுதாகத் தெரியாது. ஓரக்கண்ணால் மனைவியின் உதடுகளைப் பார்த்து அதே மாதிரி அசைப்பார். அவர் வாய் அசைய, அக்காவின் குரல் வரும். தானே பாடியது போல ஒரு திருப்தியுடன் உட்காருவார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குரல் போதுமானதாக இருந்தது.

அந்தக் குரல்தான் முதலில் போயிற்று. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிக்கொண்டு வருகிறது, திரும்பாது என்றார் டாக்டர். மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திப் பேசலாம். பாட முடியாது. மேல் வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி என் வீட்டுக்குள்ளும் இறங்கி வந்தது, எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தபோது அக்கா கணவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க. அந்தப் பாட்டை, எல்லாரும் சேர்ந்து பாட, ஒரு தடவை கேக்கணும்."

"அடக்கப் பாட்டு எதுக்கும்மா இப்ப?"

"நான் போனப்புறம் பாடுவாங்க, அப்ப எனக்கு, என்ன பிரயோஜனம்? இப்ப கேக்கணும். என்னால பாட முடியலைல்ல. சபைன்னு ஒண்ணு, அதுக்குத்தானே இருக்கு."

மறுநாளே லிஃப்ட்காரர் துறைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

துறையின் அலுவலகத்தில் திரைச் சிஸ்டர்தான் இருந்தார். நல்ல பெண். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்க அங்கிள், பாட்டு எப்ப ரிலீஸ் ஆச்சு?"

"எங்க கல்யாணத்துக்கு முந்தியே இருக்கும்மா."

"ஒன்றரை வருஷத்துக்கு மேல பழசுன்னா தனி அனுமதி வேணும். பரவாயில்ல, பார்க்கலாம். மூடு என்ன? சந்தோஷமா, உற்சாகமா, வெற்றியா?"

"சாவுப் பாட்டும்மா."

சிஸ்டர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "அந்த மூடு இதுல இல்லையே அங்கிள். வெற்றியில போட்டுக்கட்டுமா?"

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். போடச் சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

"ராகம்?"

"அது கல்யாணப் பாட்டு ராகம்."

சிஸ்டர் இரண்டையும் சேர்த்துத் தட்டினார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்படி ஒரு பாட்டு இல்லை என்றது. "பாட்டு இல்லைன்னு காட்டுது அங்கிள்" என்றார் சிஸ்டர் வருத்தமாக. முப்பது வருடமாக என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அப்படித்தான் இல்லாமல் போயிற்று.

இல்லாத பாட்டைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் தலைவருக்கு மட்டுமே உண்டாம். அவரை எல்லாரும் பிரதர் என்று அழைப்பார்கள். காதில் எப்போதும் ஒரு சின்னக் கருவி. அதில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும், அது தட்டினால்தான் அவருக்குப் பாட வரும். மனிதர் எங்களை மிகுந்த அன்போடு வரவேற்றார்.

"அண்ணே, பழைய பாட்டை நாங்க மதிக்கிறதில்லைன்னு சில பேர் சொல்றாங்க. மனசு வலிக்குது. இங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

எங்களை மேடைக்கு அழைத்துப் போய், டிரம்ஸ் அறையின் கம்பளத்தை ஓரத்தில் தூக்கிக் காட்டினார். பலகைக்கு அடியில் எங்கள் பழைய பாட்டுப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன.

"மேடை ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. செங்கல் வச்சோம், அதிர்வுல நகர்ந்துடுச்சு. கட்டை வச்சோம், பொளந்துடுச்சு. இந்தப் புத்தகத்தை வச்சதுல இருந்து ஒரு ஆட்டம் இல்லை. முன்னோர் போட்ட அஸ்திவாரத்து மேலதான் நாங்க நிக்கிறோம்னு எல்லாக் கூட்டத்துலயும் சொல்றேன். இதுக்கு மேல ஒருத்தர் எப்படி மதிக்க முடியும்?"

கம்பளத்தை விட்டுவிட்டுத் தொடர்ந்தார். "ஜனங்க பாடக் கூடாதுன்னு நாங்க சொன்னதே இல்லை அண்ணே. பாடலாம். ஆனா பாடினா சவுண்ட் கெட்டுப்போகுது. ஜனங்களும் சந்தோஷமா இருக்கணும், சத்தமும் சுத்தமா இருக்கணும். நடுவுல நாங்க படுற பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்."

லிஃப்ட்காரர் மனைவியின் நிலைமையைச் சொன்னார். பிரதரின் கண்கள் உடனே கலங்கின. அதில் பொய் இல்லை, அவருக்கு அது பழக்கம். வருகிற மாதம் பாரம்பரிய ஞாயிறு என்று ஒன்று வைப்பதாகவும், அதில் அக்காவின் பாட்டைப் புதுப்பித்துப் பாடுவதாகவும் அந்த இடத்திலேயே அறிவித்தார்.

"புதுப்பிச்சுன்னா?" என்றார் லிஃப்ட்காரர்.

"முதல் வரியைச் சொல்லுங்க."

நான்தான் சொன்னேன்.

*கரை காணா வெள்ளத்தில் கை பிடித்தீரே,*
*கரை சேரும் மட்டும் கைவிடாதேயும்.*

"பாருங்க, எடுத்த எடுப்புலயே வெள்ளம். புதுசா வர்றவங்களுக்கு மூழ்கிப்போற மாதிரி இருக்கும். கரையிலே நிற்கிறேன்னு மாத்திக்கலாம், பாசிட்டிவா இருக்கும். அடுத்தது?"

இரண்டாவது சரணம் தப்பியது. நான் தயங்கிக்கொண்டே மூன்றாவதைச் சொன்னேன்.

*மண்ணோடு மண்ணாய் நான் போகும் அந்நாளில்*
*என் பேரை நீர் மட்டும் மறவாதேயும்.*

"இது தேவையா அண்ணே? வேலை கிடைக்கணும், வீடு கட்டணும்னு வர்றாங்க. நீ மண்ணாகப்போறேன்னு சொன்னா அடுத்த வாரம் வருவாங்களா? எடுத்துடுவோம். ராகம் நாங்களே புதுசாப் போட்டுக்குறோம்."

"ராகம்தான் தம்பி முக்கியம். அவ ராகம்."

"அப்படியா? பாடிக் காட்டுங்க."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. முப்பது வருடப் பழக்கம், சட்டென்று எங்கிருந்து வரும்? பிரதர் பொறுமையாகக் காத்திருந்து பார்த்துவிட்டு, "வால்யூம் வரலையே அண்ணே" என்றார்.

மூன்று மாடியும் படியிறங்கி முடிந்த பிறகு லிஃப்ட்காரர், "நீயாவது பாடிக் காட்டியிருக்கலாம்ல" என்றார். எனக்கும் அப்போதுதான் தோன்றியது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டு அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "கரையில நிக்கிறவளுக்கு, கை எதுக்கு?" என்றார். அப்புறம், "பரவாயில்ல. போவோம். எல்லாரும் சேர்ந்து, பாடுவாங்கல்ல?" என்றார்.

பாரம்பரிய ஞாயிறும் வந்தது. நான் காரை எடுத்தேன். சக்கர நாற்காலி, சிலிண்டர், துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சேலையில் அக்கா. முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தார்கள், கேமராவுக்கு வசதியாக. திரையில் நேரம் பின்னோக்கி ஓடியது. பாஸ்டர்கூட அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுந்து நிற்பார். அது முடிந்ததும் மேடையின் இரண்டு பக்கமும் இருந்து புகை கிளம்பியது.

அக்காவுக்கு மூச்சு முட்டியது.

லிஃப்ட்காரர் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக் கேமரா அவரை நெருக்கத்தில் காட்டியது. பின்னால் இருந்தவர்களும் அதைத் திரையில் பார்த்துக் கைகளை ஆட்டினார்கள். கடைசியில் துணைத் தலைவர் ஓடிவந்து, புகையைக் குறைக்க முடியாது, முதல் பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது என்று விளக்கி, எங்களைப் பின்பக்கம் கைக்குழந்தைக்காரர்கள் உட்காரும் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனார்.

அந்த அறைக்குள் சத்தம் வராது. ஸ்பீக்கர் ஒன்று உண்டு, பல மாதமாக வேலை செய்யவில்லை. குழந்தைகளுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. திரையில் கரையிலே நிற்கிறேன் என்று வந்தது. பிறகு கை பிடித்தீரே என்று வந்தது. பிறகும் அதுவே வந்தது. எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பிரதர் கண்களை மூடி ஒரு கையை உயர்த்தியிருந்தார். சபை முழுவதும் எழுந்து நின்று, ஒரு சத்தமும் இல்லாமல், வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாரும், உங்களை மாதிரியே, பாடறாங்க" என்று கணவரிடம் சொன்னார். அப்போது அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் பிரதர் பரிவாரத்தோடு வந்துவிட்டார். அக்கா மகிழ்ச்சியோடு வீடு திரும்புவதைப் படமெடுக்க வேண்டுமாம். லிஃப்டில் இறங்கும்போது முகத்தில் அமைதி தெரியும், அதை நெருக்கத்தில் எடுத்தால் அடுத்த வாரம் திரையில் போடலாம். நாற்காலி, சிலிண்டர், நாங்கள் இருவர், பிரதர், துணைத் தலைவர், கேமராக்காரர், அவருடைய விளக்கு, பூங்கொத்தைப் பிடித்துக்கொள்ளத் திரைச் சிஸ்டர், பூங்கொத்தைக் கொடுக்கச் சபைப் பொருளாளர்.

"இத்தனை பேர் ஏறக் கூடாது தம்பி" என்றார் லிஃப்ட்காரர்.

"விசுவாசத்துக்கு எடை கிடையாது அண்ணே" என்றார் பிரதர்.

எடை அதிகமானால் கத்துகிற மணி ஒன்று அந்த லிஃப்டில் இருந்தது. அந்தச் சத்தம் ஜெப நேரத்தில் தேவ பிரசன்னத்தைக் குலைக்கிறது என்று துறை அதை எப்போதோ துண்டித்துவிட்டது. ஆகையால் அது கத்தவில்லை. கதவு மூடியது. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

எல்லாரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டு, "ஆள் வர்றாங்க. உள்ள மாட்டிக்கிட்டா நானும் உங்களை மாதிரிதான்" என்றார். சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டார். போதிய அளவு இருந்தது.

கேமராக்காரர் விளக்கை அணைத்துவிட்டார், சூடு தாங்கவில்லை. திரைச் சிஸ்டர் பூங்கொத்துக்குள் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தார். அழுகைக்கு உரியவர் உள்ளே இல்லாததால் அதை யாரும் கவனிக்கவில்லை.

"பிரதர், ஒரு பாட்டுப் பாடுங்களேன், பயம் தெளியும்" என்றார் பொருளாளர்.

பிரதர் காதிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்தார். லிஃப்டுக்குள் அதற்குத் தாளம் வரவில்லை. தொண்டையைச் செருமினார். "கை" என்று தொடங்கி நிறுத்தினார். இன்னும் கீழே "கை" என்று தொடங்கினார். "சுருதி கிடைக்கல" என்றார் மெதுவாக. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பொருளாளர் வயதானவர், பழைய ஆள். அவரே அந்தப் பாட்டை எடுத்தார், புத்தகத்தில் இருக்கிற முறையான ராகத்தில், நன்றாகவே. ஒரு வரி முடிவதற்குள் அக்கா தலையை அசைத்தார்.

"அது இல்லைங்க."

பொருளாளர் நிறுத்திவிட்டார். அக்கா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"எனக்கு வராதேம்மா" என்றார் அவர்.

"எனக்குந்தான், வரல" என்றார் அக்கா.

லிஃப்ட்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாடினார்.

அந்தக் குரலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஆசைதான். துருப்பிடித்த ஷட்டரை ஏற்றுவது போல இருந்தது. சுருதி ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். ஆனால் ராகம் அதுதான், அந்தக் கல்யாண ராகம், என் வீட்டுக் கூரைக்கு மேலே ஓடிய அதே ராகம். கரை காணா வெள்ளத்தில் அவர் தத்தளித்துத் தத்தளித்து முன்னேறினார். என்னால் முடிந்த இடத்தில் நானும் பிடித்துக்கொண்டேன்.

அக்காவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. காற்றுகூட வெளியே வரவில்லை. வாயை மட்டும் அசைத்தார்.

மூன்றாவது சரணத்தின் தொடக்கத்தில் லிஃப்ட்காரருக்கு வரி மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, எப்போதும் போல, மனைவியின் உதடுகளைப் பார்த்தார். மண்ணோடு மண்ணாய் என்று அவை அசைந்தன. மண்ணோடு மண்ணாய் என்று அவர் பாடினார். உதடு அசைய அசைய ஒவ்வொரு வார்த்தையாக வாங்கி, கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தார்.

பாடி முடித்துவிட்டு, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மோசம்" என்றார் அக்கா. அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "நானே, உங்களை நிறுத்தி வச்சிருந்தேன். இனிமே பாடுங்க."

ஆள் வந்து லிஃப்ட் கீழே இறங்கியது. கேமராக்காரர் லிஃப்டின் மங்கல் வெளிச்சத்திலும் படம் எடுத்திருந்தார். பிரதர் அன்று மாலையே அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, உணர்வு நன்றாக இருக்கிறது, பாடகரை மாற்றி மறுபடி எடுக்க முடியுமா என்று போன் செய்தார். லிஃப்ட்காரர் முடியாது என்று சொன்னதற்காகத் துறை அவருக்காக ஜெபித்தது.

அந்த மாதம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார். அடக்க ஆராதனையைத் துறையே பொறுப்பெடுத்து நடத்தியது. கல்லறையில் வைத்தும் கரையிலே நிற்கிறேன் என்றுதான் பாடினார்கள். குழியின் கரையில்தான் நின்றார்கள் என்பதால் அன்று அந்த வரி பொருத்தமாகவே இருந்தது. லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. மண்ணைப் போடும்போது மட்டும் ஏதோ முணுமுணுத்தார்.

அதன் பிறகு அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். வருகிறார். எல்லா ஞாயிறும் அதே வரிசை, அதே நாற்காலி. பக்கத்து நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். மேடையில் பாட்டு தொடங்கி, டிரம்ஸ் முழங்கி, தரை அதிரும்போது அவர் முழுக் குரலெடுத்துத் தன் மனைவியின் பாட்டை அந்தக் கல்யாண ராகத்தில் பாடுகிறார். அந்த இரைச்சலில் இரண்டாவது ஆளுக்குக் கேட்காது. எங்கள் சவுண்டால் விளைந்த நன்மை என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

போன வாரம் துணைத் தலைவர் ஆராதனைக்கு நடுவில் குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. திரையில ஒரு வரி போகுது, உங்க வாயில வேற வரி போகுது. நேரலையில பளிச்சுன்னு தெரியுது. நீங்க பாடணும்னுகூட இல்லண்ணே. அந்த வரிக்குத் தகுந்த மாதிரி வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

லிஃப்ட்காரர் அவர் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை.

"அதை எங்கிட்ட சொல்றதுக்கு ஒருத்திதான் இருந்தா தம்பி" என்றார். "அவளே கடைசியில வேணாம்னுட்டா."

துணைத் தலைவர் குனிந்தபடியே திரும்பிப் போனார். லிஃப்ட்காரர் விட்ட இடத்திலிருந்து மூன்றாவது சரணத்தை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான். அக்கா சொன்னது சரி, என் பாடுதான் பாவம். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. எழுந்து வேறு இடத்துக்குப் போகவும் முடியவில்லை.